பதினான்காம் எண்ணுக்கு என்ன ஊட்டுவது

ஆகஸ்ட். பார்க்வில்லில் மழை சாய்வாய் விழுகிறது.
டிராமில் நனைந்த சாக்ஸோடு
குளிரறைக் கதவைத் திறக்கிறேன்.
ஆறு வாரமாய் ஒரே கேள்வி:
பதினான்காம் எண்ணுக்கு என்ன ஊட்டுவது?

பெயர் தெரியாது. தெரியவும் கூடாது.
இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட யாரோ.
பெண். வயது அறுபத்தெட்டு.
வெட்டியெடுத்த எலும்பின் சிவந்த கூழில்
ஒரு தேக்கரண்டி எங்களிடம் வந்தது.
அதற்குள்
இன்னும் எதுவாகவும் ஆகாத செல்கள்.
எலும்பாகலாம், குருத்தெலும்பாகலாம், வெறும் கொழுப்பாகலாம்.
அத்தனை வருடம் அவள் நடந்த நடைக்கெல்லாம் அடியில்
முடிவெடுக்காத ஒரு கூட்டம்
சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

முதல் குப்பி, கன்றுச் சீரம்.
பிறக்காத கன்றின் ரத்தம், வடித்தபின் தேன் நிறம்.
இரவெல்லாம் மெல்ல உருக வேண்டும்,
அவசரப்பட்டால் நூல் நூலாய்த் திரியும்.
"உனக்கு இது பரவாயில்லையா?" என்றான் பிரெண்டன்
என் பொட்டைப் பார்த்தபடி.
நேற்றுதான் அவன் எதிரில் உட்கார்ந்து
மாட்டிறைச்சிப் பை தின்றேன், சாஸ் ஊற்றி.
அதுவல்ல பிரெண்டன்.
மார்ச்சில் வந்த லாட்டில் செல்கள்
தறிநாடாபோல் நீண்டு வரிசை கட்டின.
ஜூன் லாட்டில் அப்பளமாய்ப் பரந்து படுத்துவிட்டன.
எந்தப் புல், எந்த வறட்சி, எந்தத் தாய்
சான்றிதழில் இல்லை.
ஆஸ்திரேலியா என்று மட்டும் போட்டிருக்கிறது,
அது என்ன சின்ன ஊரா?

இரண்டாவது, தட்டணுச் சாறு.
யாரோ கை நீட்டித் தந்தது. ஏழு நாள் ஆயுள்.
எட்டாம் நாள் நோயாளிக்கு ஆகாது, எங்களுக்கு ஆகும்.
உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து உருக்கினால்
அணு உடைந்து, காயம் ஆற்ற வைத்திருந்ததெல்லாம் கொட்டும்.
இதில் பதினான்கு
அடுப்பில் மறந்த பாலாய்ப் பொங்கியது.
ஆனால் ஹெபாரின் சேர்க்காவிட்டால் குடுவையே உறைந்துபோகும்.
சேர்க்கவில்லை. ஒரு ஞாயிறு, தூக்கக் கலக்கம்.
லெங்கா குடுவையைச் சாய்த்துப் பார்த்தாள்,
கெட்டித் தயிர்.
"ஸ்பூன் வேணுமா?" என்றாள்.

மூன்றாவது, எந்த உடலிலிருந்தும் வராதது.
ஒவ்வொன்றும் பெயரோடு, நானோகிராம் கணக்கோடு.
ஒரு குப்பி என் பாதி மாத வாடகை.
செல்கள் அதில் ஒட்டவில்லை.
கால் வைக்க இடமில்லாதவர்களாய் மிதந்தன.
தரையில் புரதம் பூசிக் கொடுத்தபின் இறங்கின,
வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குபவர்களைப்போல.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.
பதினொன்று கன்றைத்தான் கேட்டது.
பன்னிரண்டு போட்டதையெல்லாம் தின்றது.
பதின்மூன்று எதிலும் வாழவில்லை, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பதினான்கு இரட்டிக்க
கன்றில் அறுபத்தொரு மணி, சாறில் முப்பத்துநாலு,
பெயர் தெரிந்தவற்றில் ஐம்பத்திரண்டு.
வேகம் மட்டும் பார்த்தால் கதை முடிந்தது.
ஆனால் பொங்கிப் பெருகியவற்றிடம்
"சரி, இனிக் குருத்தெலும்பாகு" என்றபோது
பாதி தயங்கி நின்றன.
சாறைப் பத்திலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைத்தேன்.
வேகம் போயிற்று, தயக்கமும் கொஞ்சம்.
ஒருநாள் யாரோ ஒருவரின் முழங்காலுக்குள் போகவேண்டியவை,
கன்றின் மிச்சத்தோடு போகக்கூடாது என்கிறது குழு.

வியாழக்கிழமை ரத்ததான மையத்தில்
இயந்திரம் என்னை உறிஞ்சிப் பிரித்து
மிச்சத்தைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது, குளிராக.
இது யாருக்குப் போகும் என்று யோசித்தேன்.
யாருக்காவது.
ஏழு நாளில் யாருக்கும் இல்லையென்றால், எனக்கே.

ஆர்டர் படிவத்தில் ஒரு கட்டம்: தேர்வுக்கான காரணம், ஒரு வரியில்.
'பிடித்திருக்கிறது' என்று எழுதி அழித்தேன்.
எண்களைப் போட்டேன்.

இன்குபேட்டர் கதவில் இப்போது ஒரு மஞ்சள் தாள்,
தமிழில்: ஹெபாரின்!
லெங்காவுக்கு எழுத்து தெரியாது.
அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்தே
அளந்து ஊற்றுகிறாள்.